தறிச் சத்தத்தில் தயாரான பேச்சு

தயார் செய்யாமல் மேடையேறிச் சொதப்பியவர்களுக்கு ஒரு சமாதானம் உண்டு. "கொஞ்சம் தயார் பண்ணியிருந்தா பிச்சி உதறியிருப்பேன்" என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொள்ளலாம். பத்து நாள் உட்கார்ந்து எழுதி, அழித்து, மனப்பாடம் செய்து, ஒத்திகையும் பார்த்துவிட்டுச் சொதப்பியவனுக்கு அந்த வசதி கிடையாது. நான் இரண்டாவது ரகம். இதை இத்தனை வருடம் கழித்து எழுதுவதற்குக் காரணம், எங்கள் வீட்டில் எப்படியும் யாராவது இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைவிட நானே சொன்னால் மானம் கொஞ்சம் மிஞ்சுமே என்ற நப்பாசைதான்.

திருத்தணியில் மலையடிவாரத்தைத் தாண்டிப் போனால் வரும் ஒரு விசைத்தறித் தெரு எங்களுடையது. ஒன்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் முன்கட்டில் தறி, பின்கட்டில் மனிதர்கள். எங்கள் வீட்டில் நாலு தறி. காலையில் சுவிட்சைப் போட்டால் சாயங்காலம் வரை தடதடவென்று வீடே ஆடும். அலமாரியில் வைத்த டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்து நிற்கும். (அம்மா போகிற வாக்கில் அதை உள்ளே தள்ளிவிட்டுப் போவாள். ஒன்றுகூடக் கீழே விழுந்து நான் பார்த்ததில்லை.)

அந்தச் சத்தத்தில் கத்திப் பேசினாலும் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. உதட்டை நன்றாக இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் வாயாலேயே வரைந்து காட்டுவோம். குரல் வராது. எதிரில் இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். எங்கள் தெருப் பிள்ளைகள் அ, ஆ எழுதுவதற்கு முன்பே உதடு படிக்கக் கற்றுவிடும். இதனால் வெளியிடங்களில் சில சங்கடங்கள் உண்டு. அக்காவைப் பெண் பார்க்க வந்த முதல் இடம் போனது இப்படித்தான். கூடத்தின் அந்த மூலையில் மாப்பிள்ளையின் அம்மா தன் தங்கையிடம் "பொண்ணு கறுப்பு" என்று முணுமுணுத்தாள். இந்த மூலையிலிருந்து நைனா, "ஆங்மா, கறுப்புதான். காபி ஆறிடப்போவுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். (நைனா என்றால் அப்பாதான். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கு உறவுமுறை பாதி தெலுங்கில் வரும்.) உதடு படிப்பதில் நைனாவை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் மனை போட்டு விற்றார்கள். மனை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. "என்ன அமைதி, என்ன காற்று" என்று வாங்கி வீடு கட்டிக் குடிவந்தார்கள். திங்கட்கிழமை காலை எழுந்திருக்கும்போது கட்டில் ஆடியது. அப்புறம் மனுமேல் மனு. குடியிருப்புப் பகுதியில் தறி கூடாது, ஒரு வருடத்துக்குள் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று எங்களுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது.

அதே சமயம் ஒரு நல்ல சேதியும் வந்தது. ஒரு திட்டத்தில் நெசவாளர்களுக்குப் பொதுத் தறிக்கூடம் கட்டித் தரப்போகிறார்கள். மூன்று ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், ஓர் இடத்துக்குத்தான் கிடைக்கும். மூன்று பேரும் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் அதிகாரிகள் குழுவின் முன்னால் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கிடைத்தால், தெருக்கோடியில் சும்மா கிடக்கும் நிலத்தில் கூடம் வரும். நைனா நாலு எட்டு வைத்தால் வேலைக்குப் போய்விடலாம். கிடைக்காவிட்டால் எல்லையைத் தாண்டி ஆந்திராவில் நகரிப் பக்கம் பாவா பார்த்து வைத்திருக்கும் வாடகைக் கொட்டகைக்குத் தறிகளை மாற்ற வேண்டும். (பாவா என்பவர் என் அக்கா வீட்டுக்காரர். அவரும் எங்கள் தெருதான்.) அங்கே போக பஸ் ஏற வேண்டும், இறங்கி லாரி போகிற பெரிய ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும், தினமும் இரண்டு தடவை.

அம்மாவுக்குப் பயம் அந்த ரோட்டை நினைத்துத்தான்.

"உங்க நைனாவுக்கு ரோட்டுல நடக்கத் தெரியாதுடா தணிகை. பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சிக்கினே இருப்பான், இவரு மாப்ள ஊர்வலம் போறாப்ல நடுவுல போய்க்கினே இருப்பாரு. இன்னா திமிரு! அந்த கெவர்மெண்ட் ஷெட்டு நமக்கு வரலன்னா இந்த மனுசன ஒரு நாளைக்கு நான் ரோட்டுலதான் போய்ப் பாக்கணும்."

நானும் அதைத் திமிர் என்றுதான் நினைத்திருந்தேன்.

பேசுவதற்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் தெருவில் தணிகை என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. மற்ற இருவரிடமிருந்து வித்தியாசம் காட்ட எனக்குக் கம்ப்யூட்டர் தணிகை என்று பெயர். பி.காம். முடித்துவிட்டு, காலை ரயிலில் அம்பத்தூர் போய் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நடக்கும் மீட்டிங்குகளில் என் பங்கு, புரொஜக்டருக்கு ஒயர் மாட்டுவது. மாட்டியதும் வெளியே போய்விடச் சொல்வார்கள். இதைத் தெருவில் யாரிடமும் நான் விளக்கவில்லை. "மீட்டிங்கெல்லாம் தணிகைதான் பாத்துக்கினு கீறான்" என்று பாவா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

பத்து நாள் லீவு போட்டேன். சிறப்பாகப் பேசுவது எப்படி என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒரு நோட்டில் குறிப்பெடுத்தேன். முதல் விதி, உன் எதிரில் உட்காரப்போவது யார் என்று தெரிந்துகொள். நான் நோட்டில் "அதிகாரிகள்" என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டு, அந்த விதியை முடித்துக்கொண்டேன். இரண்டாவது விதி, திரையில் காட்டும் ஒரு படத்தில் ஆறு வரிக்கு மேல் கூடாது. மூன்றாவது, நேரம் கண்ணில் படும்படி கடிகாரம் வைத்துக்கொள். நான்காவது, வந்திருப்பவர்களின் முகத்தைப் பார், முகத்தைப் பார், முகத்தைப் பார். (மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் எழுதிக்கொண்டேன்.)

முதலில் நாற்பத்திரண்டு படம் வந்தது. எழுத்துகள் நாலா பக்கத்திலிருந்தும் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். அதைக் குறைக்கலாம் என்று உட்கார்ந்தால் தெருவே என் தலைமாட்டில் நின்றது. முதல் படம் முருகனாக இருக்க வேண்டும் என்றார் பாவா. எங்கள் வீட்டுத் தறி ஏன் மூன்றாவதாக வருகிறது, எங்களுக்கு என்ன குறைச்சல் என்று ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். ஒன்பது வீட்டையும் ஒரே படத்தில் போட்டேன். அதில் யார் முகம் பெரிதாக இருக்கிறது என்று சண்டை வந்தது. கடைசியில் இருபத்தாறு படத்தில் வந்து நின்றது. பதினெட்டாவதுதான் என் பிரம்மாஸ்திரம். தெருக்கோடி நிலத்தில் ஒன்பது வீட்டு ஆட்களையும் வரிசையாக நிற்க வைத்து எடுத்த போட்டோ. அதைப் பார்த்தால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நான் முழுதாக நம்பினேன்.

ஒத்திகை எங்கே பார்ப்பது? வீட்டில் தறி ஓடாத இடம் என்று ஒன்று கிடையாது. தறிகளுக்கு நடுவிலேயே நின்று பேசினேன். பேசினேன் என்றால், எங்கள் வழக்கப்படி வாயை அசைத்தேன். நைனா நூல் அறுந்த இடத்தை முடிந்துகொண்டே என்னைப் பார்ப்பார். பத்து நாளும் அவர்தான் என் சபை. உதட்டாலேயே திருத்தம் சொல்வார். "கைய ஆட்டாத." "ஆறாவது படத்துல ஓடற. நின்னு பேசு." "அதிகாரிங்களுக்கு மூஞ்சியக் காட்டு, சொவத்துக்குக் காட்டாத." வீடியோக்களில் சொன்னதைவிட உருப்படியாகத்தான் சொன்னார்.

இரண்டு தடவை குரல் கொடுத்தும் பேசிப் பார்த்தேன். தறிச் சத்தத்துக்கு மேலே போக வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து. எனக்கே ஒன்றும் கேட்கவில்லை.

"கொரலு எப்படிக் கீது நைனா?" என்று கேட்டேன்.

"கணீர்னு கீதுடா" என்றார்.

பத்து நாள் ஒத்திகை பார்த்தும் என் பேச்சை நான் ஒரு தடவைகூடக் காதால் கேட்கவில்லை என்பது மேடையேறும் வரை எனக்கு உறைக்கவே இல்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடைக்கு நேர் எதிரே சோபாக்களில் குழுவினர் ஐந்து பேர், நடுவில் தலைவர். அவர்களுக்கு முன்னால் ஒரு டீப்பாய், அதன்மேல் தண்ணீர் பாட்டில்கள். வெகுதூரம் தள்ளி, மண்டபத்தின் கடைசியில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊர்க்காரர்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு வேன் பிடித்து எல்லோரும் வந்துவிட்டார்கள். நைனா வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டிருந்தார். அம்மா காலையிலேயே மலைக் கோயிலுக்குப் போய் வந்திருந்தாள். எங்கள் முறை மூன்றாவது, சாப்பாட்டுக்குச் சற்று முன்னால்.

மேடையேறுவதற்கு முன் மூன்றாவது விதி ஞாபகம் வந்தது. என் போனில் நேரத்தை ஓடவிட்டு, எனக்குத் தெரியும்படி அதிகாரிகளின் டீப்பாயில் சாய்த்து வைத்தேன். மைக் முன்னால் நின்றேன். முருகன் படம் வந்தது. வாயைத் திறந்தேன்.

"அனைவருக்கும் வணக்கம்!"

அவ்வளவு அமைதியான இடத்தில், அவ்வளவு பெரிய குரல். யாரோ எனக்குப் பின்னால் நின்று என்னை அதட்டியதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். (ஆமாம், நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். பாவா இன்றும் அப்படியே நடித்துக் காட்டுவார்.) சோபாவில் ஒருவருக்குத் தண்ணீர் புரையேறியது. பயந்துபோய்க் குரலைக் குறைத்தேன். குறைத்தது ரொம்பக் குறைந்துவிட்டது. மைக்செட்காரர் ஓடிவந்து சத்தத்தைக் கூட்டினார். நான் மறுபடி குறைத்தேன், அவர் மறுபடி கூட்டினார். ஐந்தாவது படம் வரை இப்படியே போயிற்று.

நான்காவது விதிப்படி முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். தலைவரின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். அவர் பக்கத்திலிருந்தவரின் காதில் சாய்ந்தார். சத்தமே இல்லை. ஆனால் உதடு தெளிவாக அசைந்தது, எங்கள் தெருக்காரர்கள் அசைப்பதைவிடத் தெளிவாக.

"இதெல்லாம் எப்பவோ முடிஞ்ச விஷயம் சார். மொதல்ல பேசினாங்களே, அந்த ஊருக்குத்தான் ஆர்டர் டைப் ஆயிடுச்சு. இவங்கள சும்மா ஒப்புக்குக் கூப்பிட்டது. மத்தியானம் சாப்பாட்டுக்கு என்ன சொல்லியிருக்காங்க?"

ஆறாவது படம் பறந்து வந்து நின்றது. அதிகாரிகளின் தலைக்கு மேலே, மண்டபக் கடைசியில் உட்கார்ந்திருந்த நைனாவைப் பார்த்து, குரலில்லாமல் வாயை அசைத்தேன்.

"நைனா, ஷெட்டு ஏற்கெனவே அவங்களுக்குக் குடுத்துட்டாங்களாம்."

"யாரு சொன்னது?" என்றார் நைனா, அங்கிருந்தே, அதே மாதிரி.

"நடுவுல ஒக்காந்துகினு கீறாரே, அவருதான்."

தெரு மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள். "கேட்டுடு மச்சான், விடாத" என்றார் பாவா. "வாணாண்டா, வம்பு வாணாம், எறங்கி வந்துடு" என்றாள் அம்மா. "எனக்கு அப்பவே தெரியும்" என்றார் எப்போதும் எதற்கும் அப்படியே சொல்லும் ஒருவர். கண்டிப்பாக ஒரு நிமிடத்துக்கு மேல், ஐந்து அதிகாரிகளின் தலைக்கு மேலே, ஒரு தெருவே கூடி விவாதித்தது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அதிகாரிகளுக்குத் தெரிந்ததெல்லாம், மேடையில் ஒருவன் வாயை அசைக்கிறான், சத்தம் வரவில்லை.

"தம்பி, மைக் வேலை செய்யல" என்றார் ஒருவர் அன்பாக.

மைக்செட்காரர் பாய்ந்து வந்தார். மைக்கைத் தட்டினார். பேட்டரி மாற்றினார். பாவம், அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் சத்தத்தை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவும் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

நைனா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "தணிகை, நீ பேசி முடி. பதினெட்டாவது படத்தக் காட்டு. பாத்தா மனசு மாறும்" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது. பத்து நாள் லீவு, இருபத்தாறு படம், மலைக்குப் போய்வந்த அம்மா, விபூதி பூசி உட்கார்ந்திருக்கும் நைனா, எல்லாம் இவருக்கு ஒப்புக்கா? அடிவயிற்றிலிருந்து, தறிச் சத்தத்துக்கு மேலே போகும் குரலில், முழுச் சத்தத்தில் இருந்த மைக்கில் கேட்டேன்.

"ஆர்டர் டைப் பண்ணிட்டீங்கன்னா எங்கள ஏன் சார் வரச் சொன்னீங்க?"

மைக் கீச்சென்று அலறியது. மண்டபத்து ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன. தலைவர் வெளிறிப்போனார்.

"நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன்?"

"இப்பதான் சார் சொன்னீங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு என்னன்னும் கேட்டீங்க."

மற்ற ஊர்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவரின் கண் டீப்பாயில் சாய்ந்திருந்த என் போன்மேல் விழுந்தது. "ஓகோ! போன வச்சி ரெக்கார்ட் பண்றியா? போலீஸக் கூப்பிடுங்க!" என்று எழுந்துவிட்டார். போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கொடுத்த பதினைந்து நிமிடத்தில் இன்னும் ஐந்து நிமிடம் மிச்சமிருந்தது.

குழுவில் ஒரு டாக்டரம்மா இருந்தார். தறிச் சத்தம் பற்றிய புகாரும் இருந்ததால் அவரையும் போட்டிருந்தார்கள். அவர்தான் நிதானமாக, "தம்பி, எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டார். நான் விளக்கினேன். தலைவர், "கதை விடறான் மேடம்" என்றார். அதற்குள் பாவா கடைசி வரிசையிலிருந்து நைனாவைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்துவிட்டார்.

"எங்க மாமாவை டெஸ்ட் பண்ணிப் பாருங்கம்மா. தெருவுலயே இவருதான் மொதல் ஆளு."

டாக்டரம்மா பத்தடி தள்ளி நின்றுகொண்டு, குரலில்லாமல் வாயசைத்தார். நைனா உரக்கப் பதில் சொன்னார்.

"நாலு தறிங்கம்மா."

மறுபடி வாயசைத்தார்.

"ரெண்டு இட்லிதாங்கம்மா. இவன் பேசறான்னு பயத்துல எறங்கல."

மண்டபமே கைதட்டியது. டாக்டரம்மாவும் சிரித்தார். நான் மேடையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

தலைவர் விடவில்லை. "நீங்க லேசா கொரல் குடுத்திருப்பீங்க மேடம். கிராமத்து ஆளுங்களுக்குக் காது கூர்மை. வாய மறைச்சிக்கிட்டுக் கேளுங்க, அப்பவும் சொல்வார் பாருங்க" என்றார். டாக்டரம்மா கையிலிருந்த ஃபைலை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு, மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஐயா, உங்க பேர் என்ன?"

நைனா புன்னகையோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா! உங்க பேர் என்னங்க?" இப்போது கத்தித்தான் கேட்டார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

நைனா அதே புன்னகையோடு அந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்போது இறங்கும், எப்போது கேள்வி வரும் என்று மரியாதையாகக் காத்திருந்தார். கைதட்டல் நின்றது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் என் எதிரில் நின்று ஒவ்வொரு படத்துக்கும் திருத்தம் சொன்ன மனிதர். "கணீர்னு கீதுடா" என்று சொன்னவர். ஒரே வீட்டில் அத்தனை வருடம் இருந்திருக்கிறோம், ஒருவருக்கும் தெரியாது. தறிச் சத்தத்தில் யாருக்குமே காது தேவைப்படவில்லை. சத்தமில்லாத இடத்திலும் அவர் எங்கள் முகத்தைப் பார்த்தே பேசினார். உதடு படிப்பதில் அவர் தெருவுக்கே முதல் ஆளாக இருந்தது ஏன் என்று அங்கே, அத்தனை பேர் முன்னால், மேடையில் நின்றுகொண்டு புரிந்துகொண்டேன். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. தலைவர் முன்னால் அல்ல, நைனா முன்னால்.

டாக்டரம்மா ஃபைலை இறக்கினார். அவர் முகத்தைப் பார்த்ததும் நைனாவுக்கு ஏதோ புரிந்துவிட்டது. மேடையில் இருந்த என் பக்கம் திரும்பினார். அம்மாவுக்கு முதுகைக் காட்டியபடி, குரலில்லாமல், என்னிடம் மட்டும் சொன்னார்.

"அம்மாகிட்டச் சொல்லாத."

ஆனால் அந்தக் கேள்வியை இரண்டு தடவையும் அம்மா காதால் கேட்டிருந்தாள். கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்து, அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்தார். பதினெட்டாவது படத்தை யாரும் பார்க்கவில்லை.

பந்தியில் ஒரு வேடிக்கை நடந்தது. அதிகாரிகள் எல்லோரும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினார்கள். ஒருவர் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ரசம் கேட்டார். பரிமாறுகிறவருக்கு அது புரியாமல் பாயசத்தை ஊற்றிவிட்டுப் போனார். வேறு நாளாக இருந்திருந்தால் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். எங்கள் வரிசையில் சாப்பிடாமலே இலையை மடித்தவர்கள்தான் அதிகம்.

கூடம் அந்த ஊருக்கே போயிற்று. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சில மாதம் கழித்து ஒரு காரியமாகப் போனபோது அந்தக் குழுவில் எழுத்து வேலை பார்த்தவர் என்னை அடையாளம் கண்டு டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க பாட்டுக்குப் பேசி முடிச்சிட்டு எறங்கியிருந்தா, ரெண்டாவது கட்டத்துல உங்க தெரு பேர் இருந்துச்சு தம்பி. அன்னிக்கு நீங்க போட்ட சத்தத்துல அந்தப் பேர அடிச்சிட்டாங்க" என்றார். அந்த டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். மறைத்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டு எதையும் மறைக்க முடியாது. அம்மா திட்டவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரம்மா சொன்னபடி நைனாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இரண்டு காதும் போய் ரொம்ப காலம் ஆகிறது, இனி வராது என்றார்கள். மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். மாட்டிவிட்டதும் நான் ஆவலாகக் குனிந்து, "நைனா, கேக்குதா?" என்று கேட்டேன். ஆனால் வந்தது மண்டபத்தில் புறாக்களைப் பறக்கவிட்ட அதே குரல். நைனா துள்ளி விழுந்து மெஷினைக் கழற்றிவிட்டார்.

"இத்தினி வருசமா இப்படித்தான் கத்திக்கினு இருந்தியாடா நீ?" என்றார்.

அதற்குப் பிறகு அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

தறிகள் நகரிப் பக்கம் போயின. நைனாவும் போகிறார். முதல் ஆறு மாதம் அம்மா தினமும் கூடவே பஸ் ஏறி, அந்த ரோட்டைக் கையைப் பிடித்துக் கடத்திவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். இப்போது அவளுக்கு முட்டி வலி. பாவா பார்த்துக்கொள்கிறார். பாவா வராத நாளில் அம்மா சாயங்காலம் வரை எந்த வேலையும் ஓடாமல் வாசலைப் பார்த்தபடியே இருப்பாள். நான் ஆபீசிலிருந்து போன் செய்து, "வந்துட்டாரா?" என்று கேட்பேன். பதினெட்டாவது படத்தை ஒழுங்காகக் காட்டியிருந்தால் இந்த போனே தேவையில்லை என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

ஆபீசில் இப்போது என்னைப் பேசவும் விடுகிறார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை இருபது பேர் முன்னால் நின்று படம் காட்டிப் பேசுகிறேன். வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் பாவா பேச்சை அங்கேதான் கொண்டுபோவார். "நம்ம தணிகை பெரிய பேச்சாளரு. அன்னிக்கு மண்டபத்துல எப்படிப் பேசினான்னு மாமாவக் கேளுங்க" என்று எடுத்துக் கொடுப்பார். வந்தவர் நைனாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதட்டை இழுத்துக் கேட்பார். நைனா ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல யோசித்துவிட்டுச் சொல்வார்.

"ரொம்ப நல்லா பேசினான்பா. ஒரு வார்த்தகூட என் காதுல வுழல."

வீடே சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிப்பேன். அவரைப் பார்த்துச் சிரித்தால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதையும் அவர் படித்துவிடுவார்.